றம்யாவின் அகஸ்ரின்

பலெர்மோ
2024 ஒக்டோபர் 6, ஞாயிறு

திருட்டுப் பேத்தி றம்யாவுக்கு,

'நலம், நலமறிய ஆவல்' என்று தொடங்கவேண்டும் என எங்கள் ஞாயிற்றுத் தமிழ்ப் பள்ளியில் இராஜதுரை மாஸ்ரர் படிப்பித்தார். உன் நலத்தில் எனக்கு ஓர் ஆவலும் இல்லை. எனவே நேரே சண்டைக்கு வருகிறேன்.

நான் றொனி. வயது பதினாறு. பேசாலையில் நீ கவனித்துக்கொள்ளும் அகஸ்ரின், அந்தப் பழைய பஸ் கண்டக்டர், என் அம்மாவின் அப்பா. எனக்கு அம்மப்பா. உனக்கு அவர் யார்? உன் அம்மா மலர் அன்ரி எங்கள் வீட்டில் ஓர் அறையில் இருக்கிறார். அவருக்கு மாடிப்படி கழுவும் வேலையைப் பிடித்துக் கொடுத்தவர் என் அம்மா. அதற்குப் பதிலாக நீ என் அம்மப்பாவைப் பார்க்கிறாய். இது இரண்டு அம்மாக்களின் ஒப்பந்தம். ஒப்பந்தத்தில் இருப்பது 'பார்ப்பது'. 'பறிப்பது' இல்லை.

உங்கள் பங்குக் கோவிலின் பேஸ்புக் பக்கத்தில் முதியோர் தினப் படம் பார்த்தேன். மேடையில் அம்மப்பா. பலாரோ சந்தையில் நான் தெரிந்தெடுத்து அனுப்பிய நீலச் சட்டை. சட்டை என்னுடையது, அதன் தோளில் இருந்த கை உன்னுடையது. கீழே என்ன எழுதியிருந்தார்கள்? 'றம்யாவின் அகஸ்ரின் ஐயா'. அந்த 'வின்' எங்கிருந்து முளைத்தது? பதினாறு வருடமாகப் பேரனாக இருக்கிற எனக்கு ஒரு 'யின்' கூடக் கிடைக்கவில்லை.

ஞாயிறு மட்டுந்தான் என் அம்மா வீட்டில் இருப்பார். மற்ற நாளெல்லாம் தொண்ணூறு வயதுச் சிஞ்ஞோரா, அதாவது இத்தாலிய அம்மையார், ஒருவரின் வீட்டிலேயே தங்கி, அவரைக் குளிப்பாட்டி, சூப் பருக்கி, படுக்கவைக்கிற வேலை. வீட்டுக்கு வந்ததும் அம்மப்பாவுக்குப் போன். நானும் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு நிற்பேன். இன்றைக்கு நடந்ததைக் கேள்.

"றம்யா கஞ்சி காய்ச்சினவள் பிள்ளை. றம்யா நகம் வெட்டிவிட்டவள். றம்யா கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனவள்."

"அப்பா, இஞ்சை றொனி நிக்கிறான். கதையுங்கோ."

"ஆ, நிக்கிறானோ. நல்லது. றம்யா வாறாள், வைக்கிறன்."

உனக்கு ஒரு பிரசங்கம். எனக்கு ஓர் 'ஆ'.

போனிலேயே சண்டை பிடித்திருப்பேன். உன்னிடம் போன் இல்லை. அம்மப்பாவின் போனோ எந்நேரமும் ஸ்பீக்கரில்தான் கத்தும், பேசாலை முழுக்கக் கேட்கும். அதனால் ஊருக்கு வருகிற ஒருவரின் பைக்குள் இதை ஒளிக்கிறேன். கூடவே சமாதானத்துக்கு ஒரு சொக்லேற். முழுத் துண்டையும் ஒரேயடியாக வாயில் போடு, அப்போதுதான் ருசி தெரியும்.

என் கோரிக்கை ஒன்றுதான். அந்தப் பெயரை மாற்று.

உண்மையான பேரன்,
றொனி


பேசாலை
2024 ஒக்டோபர் 30

றொனி,

சொக்லேற்றுக்குள் மிளகாய்த்தூள் இருந்தது. நான் அலறுவேன் என்று நினைத்திருப்பாய். என்னை வைத்துப் பார்க்கும் சின்னம்மாவின் ஐந்து வயது மகன் பாதியைத் தின்றுவிட்டு, "அக்கா, இதுக்கு உறைப்புக் காணாது" என்றான். பலெர்மோவில் இதைத்தான் உறைப்பு என்கிறீர்களா? பாவம்.

இனிப் பெயர். பேசாலையில் எல்லாருக்கும் புனிதர்களின் பெயர்தான். எங்கள் முதியோர் பகல் நிலையத்தில் மட்டும் ஐந்து அகஸ்ரின், நான்கு சூசை. மரியம்மாக்களை யாரும் எண்ணுவதில்லை. போன வருடம் ஓர் அகஸ்ரினின் பிறஷர் குளிசையை இன்னோர் அகஸ்ரின் விழுங்கிவிட்டு மயங்கி விழுந்தார். அதன் பிறகுதான் இந்த முறை வந்தது. பிள்ளைகள் வெளிநாட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும் ஊரில் ஒரு பெடியனோ பெட்டையோ பேரப்பிள்ளை. சாப்பாட்டுக் கரியரில், கிளினிக் கொப்பியில், ஓட்டோக்காரர் வாசலில் நின்று கூப்பிடும்போது, எல்லா இடத்திலும் அந்தப் பிள்ளையின் பெயர்தான் முன்னுக்கு வரும். றம்யாவின் அகஸ்ரின். பிரணவனின் சூசை. இது எனக்குத் தந்த பட்டம் என்றா நினைத்தாய்? மருந்து மாறாமலிருக்க ஒட்டின துண்டு.

அரசாங்கம் மாதாமாதம் முதியோர் கொடுப்பனவு தருகிறது. தபாற்கந்தோரில் வரிசையில் நிற்கவேண்டும். ஆஸ்பத்திரியில் மருந்து இலவசம். அதற்கும் வரிசை. வரிசையில் கூட நிற்பதற்கு ஆள் வேண்டும் அல்லவா? அது ஊரின் பங்கு. ஊரில் யார் மிச்சம்? அறுபது தாண்டினவர்களும் பதினெட்டுத் தாண்டாதவர்களும். இடையில் உள்ளவர்கள் பலெர்மோவில், குவைத்தில். நடுப்பக்கங்களைக் கிழித்தெடுத்த கொப்பி மாதிரி இருக்கிறோம்.

திருட்டு என்று எழுதினாய். நேற்று மத்தியானம் நீ என்ன சாப்பிட்டாய்? பள்ளிக்கூடம் விட்டுப் போனபோது கதவைத் திறந்தது யார்? அம்மா போகும்போது எனக்கு ஒன்பது வயது. அப்பா அதற்கு முன்பே இல்லை. அம்மா தான் சமைக்கும் கறிகளைப் படம் எடுத்துத் தாத்தாவின் போனுக்கு அனுப்புவார். (ஓம், தாத்தா என்றுதான் கூப்பிடுகிறேன். எரியட்டும்.) போன கிழமை கணவாய்க் கறிப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஓரத்தில் ஒரு கை, மணிக்கூடு கட்டின கை, படம் எடுத்து முடியவே பொறுக்காமல் சட்டிக்குள் போய்விட்டது. உன் கைதானே? எனக்குப் படம், உனக்குக் கறி. இதில் யாரடா திருடன்?

ஒரு பண்டமாற்றுக்கு வருகிறாயா? நீ அம்மாவைப் பற்றி ஒன்று சொல். நான் தாத்தாவைப் பற்றி ஒன்று சொல்கிறேன். போனில் கேட்க முடியாத விசயமாக இருக்கவேண்டும். முதல் சரக்கு என்னுடையது: உன் நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் அவர் படுக்கிறார். தோய்க்கக் கேட்டால் தரமாட்டார்.

உனக்கும் ஒரு பரிசு அனுப்புகிறேன். பிரித்தவுடன் நன்றாக முகர்ந்து பார்.

றம்யா


பலெர்மோ
2024 நவம்பர் 24, ஞாயிறு

ராட்சசி றம்யாவுக்கு,

பார்சலைக் கணித வகுப்பில் பிரித்தேன். கருவாடு! பின்வரிசை வரைக்கும் மூக்கைப் பொத்தியது. தெருவில் ஏதோ செத்துக் கிடக்கிறது என்று ரீச்சர் ஜன்னலால் எட்டிப் பார்த்தார். இப்போது வகுப்பில் என் பெயர் மீன். 'றம்யாவின் மீன்' என்று வைக்காதவரைக்கும் சரி.

அந்தக் கருவாட்டை மலர் அன்ரிதான் பொரித்தார். சட்டியில் போடுவதற்கு முன் ஒரு துண்டை எடுத்து முகர்ந்து பார்த்தார். பிறகு எண்ணெய் புகையும் வரைக்கும் அதைக் கையிலேயே வைத்திருந்தார். "அன்ரி, கரியப்போகுது" என்று நான்தான் சொன்னேன். என் சரக்கு இதுதான். வைத்துக்கொள்.

இன்னொன்றும் தருகிறேன், கொசுறு. ஞாயிறு காலையில் அன்ரி பெல்லெகிரினோ மலைக்கு, சாந்தா றொசலியா என்ற புனிதையிடம் போவார். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலுடன் ஏறுவார். நானும் சின்ன வயதிலிருந்து கூடப் போகிறவன்தான். இன்றைக்குத்தான் கேட்டேன்.

"என்ன அன்ரி மன்றாடினனீங்கள்?"

"என்ரை பிள்ளை இஞ்சை வந்து சேரோணும் எண்டு."

"எனக்கு ஒண்டும் கேக்கேல்லையோ?"

"உனக்கோ? உன்ரை வாய் கொஞ்சம் குறையோணும் எண்டு கேட்டனான்."

சிரித்துக்கொண்டேதான் இறங்கினேன். ஆனால் எரிந்தது. இவ்வளவு வருடமும் அந்தக் கால் எனக்காகவும் கொஞ்சம் நோகிறது என்று நினைத்திருந்தேன்.

என் அம்மாவைப் பற்றிச் சொல்லவா? சிஞ்ஞோராவுக்குச் சூப்பை ஊதி ஊதிப் பருக்குவார். ஒருநாள் சாவி வாங்கப் போனபோது கதவடியில் நின்று பார்த்தேன். எனக்கு எப்போது கடைசியாக ஊதித் தந்தார் என்று ஞாபகமே இல்லை. சிஞ்ஞோரா அம்மாவை 'மகளே' என்கிறார். அம்மப்பா உன்னைப் பேத்தி என்கிறார். எங்கள் வீட்டில் எல்லாரும் வேறு யாருக்கோ பிள்ளை. நான் மட்டும் யாருக்கு என்று ஒருவரும் சொல்கிறார்களில்லை.

சட்டை விசயம் உண்மையா? உண்மை என்றால் அது ஏன் உனக்குத் தெரிகிறது, எனக்குத் தெரியவில்லை?

மீன்


பேசாலை
2024 டிசம்பர் 18

மீனுக்கு,

கருவாட்டுத் துண்டைப் பற்றி எழுதியதைப் பலமுறை வாசித்தேன். அதனால் இந்த முறை பெரிய சரக்காகத் தருகிறேன்.

போன திங்கட்கிழமை மன்னார் ஆஸ்பத்திரியில் கிளினிக். விடியவே போனோம். வாசலில் ஒரே நெரிசல். தாத்தா பொல்லைத் தூக்கிக் கதவில் இரண்டு தட்டுத் தட்டினார். "கதவடியிலை நிக்காதேங்கோ! உள்ளுக்கு இடமிருக்கு, முன்னுக்குப் போங்கோ, முன்னுக்குப் போங்கோ!" அவ்வளவு சனமும் ஒழுங்காக நகர்ந்தது. ஒருவர் தன்னையறியாமல் சட்டைப் பையில் சில்லறை தேடினார். சிரித்து எனக்கு வயிறு நொந்தது. மருந்து வாங்கி வெளியில் வந்ததும் தாத்தா இரகசியமாகக் கேட்டார்: "என்ரை பேரன் உயரமோ? போனிலை தலை மட்டும்தான் தெரியுது." எனக்குத் தெரியாது என்றேன். "கொம்மாவிட்டைக் கேட்டுச் சொல்லு. ஆனா நான் கேட்டனான் எண்டு சொல்லாதை" என்றார்.

அவர் என்னைப் புகழ்வது உன் அம்மாவுக்காக. மகள் அங்கே கவலைப்படக் கூடாது என்று. அதுகூடவா உனக்கு விளங்கவில்லை? நான் காய்ச்சும் கஞ்சியை அவர் என் முகத்துக்கு நேரே திட்டுவார்.

இனி நான் கேட்கிறேன். பகிடி விடாமல் பதில் எழுது. ஏப்ரல் இருபதாம் திகதி எனக்குப் பதினெட்டு. அதற்குள் அம்மா விண்ணப்பம் போட்டால்தான் பிள்ளையாக என்னைக் கூப்பிடலாம். பிறகு அந்தக் கதவு பூட்டு. எல்லாப் பேப்பரும் சரி, நான் தங்க இடம் உண்டு என்று வீட்டுக்காரர் வைக்கும் கையெழுத்து மட்டும்தான் பாக்கி என்று அம்மா ஒக்டோபரிலும் சொன்னார். நேற்றும் அதையே சொன்னார். வீடு உன் அப்பாவின் பெயரில்தானே? உனக்கு ஏதாவது தெரியுமா?

எட்டு வருடமாக நான் அம்மாவை ஒரு கை அகலக் கண்ணாடிக்குள்தான் பார்க்கிறேன்.

றம்யா


பலெர்மோ
2025 ஜனவரி 19, ஞாயிறு

றம்யாவுக்கு,

இந்தக் கடிதத்தை எழுதி எழுதிக் கிழித்தேன். அதனால்தான் பிந்தியது.

நீ கேட்டதைக் கிறிஸ்மஸ் விடுமுறையில் என் காதாலேயே கேட்டேன். அம்மாவும் அப்பாவும் குசினியில். நான் வெளியில் சப்பாத்துக் கட்டிக்கொண்டிருந்தேன்.

"மலர் திரும்பவும் கேட்டவள்" என்றார் அப்பா. "கையெழுத்து வைச்சால் முடிஞ்சுது. ஏன் இழுக்கிறாய்?"

"அந்தப் பிள்ளை இஞ்சை வந்தால் அங்கை அப்பாவை ஆர் பாக்கிறது? ஏப்ரல் கழியட்டும். பிறகு பாப்பம்."

"கழிஞ்சால் வரேலாது விமலா."

அம்மா குழாயைத் திறந்தார். தட்டுக் கழுவுகிற சத்தம் மட்டும் கேட்டது.

உடனே உனக்கு எழுதவேண்டும் என்று எனக்குத் தெரியும். எழுதாமலிருக்கக் காரணம் தேடினேன். ஒளிக்காமல் சொல்கிறேன். நீ வந்தால் மலர் அன்ரி உன்னுடையவர். நான் பள்ளி விட்டு வரும் இரண்டு மணிக்குக் கதவு திறக்கும், ஆனால் எனக்காக இல்லை. நீ வராவிட்டால் அம்மப்பா உன்னுடையவர். எப்படிப் போட்டாலும் நீதான் வெல்கிறாய். இதைவிட மோசமான விளையாட்டு நான் விளையாடியதில்லை. எந்தப் பக்கம் தோற்றால் கொஞ்சம் குறைவாக வலிக்கும் என்று படுத்திருந்து யோசித்தேன்.

பிறகு மத்தியானம் அன்ரி வழக்கம்போல் சோறு போட்டார். போட்டுவிட்டு, "றம்யாவின்ரை கட்டிலை ஜன்னல் பக்கம் போடுவமோ, சுவர்ப் பக்கம் போடுவமோ?" என்று என்னிடம் கேட்டார். பாதிச் சோற்றோடு எழும்பிவிட்டேன். அது உறைப்பால் இல்லை.

தெரிந்தது இவ்வளவுதான். உன் அம்மாவுக்குத் தெரியாது. அப்பா சோம்பேறி என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

றொனி

ஒரு மீற்றர் எழுபத்திரண்டு. கேட்டவரிடம் சொல். நான் சொன்னேன் என்று சொல்லாதே.


பேசாலை
2025 பெப்ரவரி 9

றொனி,

உன் கடிதம் வந்த நாள் நான் தாத்தாவிடம் போகவில்லை. அடுத்த நாளும் போகவில்லை. படுத்திருந்து, கூரையைப் பார்த்து, உன் அம்மாவைத் திட்டினேன். என் பெயர் எழுதின கரியரை இனி யாரும் தூக்கட்டும் என்று நினைத்தேன். எட்டு வருடம் அவர் மகனுக்கு என் அம்மா சோறு போட்டது போதாது, அவர் அப்பாவுக்கு நானும் வேண்டும். இரண்டு கையாலும் எடுக்கிற ஆள்!

பிறகு பிரணவன் வந்தான். சூசையைப் பார்க்கிறவன், சாதாரண தரப் பரீட்சை எழுதப்போகிறவன். "உன்ரை ஆள் கரியரைத் திறக்கிறார் இல்லை. 'அவள் வரட்டும்' எண்டு மடியிலை வைச்சுக்கொண்டு இருக்கிறார்" என்றான். நிலையத்தில் ஒரு முறை இருக்கிறது. பேரப்பிள்ளை பக்கத்தில் இருந்து ஒரு வாய் தின்றால்தான் கிழவர்கள் சாப்பிடுவார்கள். யாரும் சட்டம் போடவில்லை. அவர்களாகவே பழகிக்கொண்டது.

போனேன். ஏன் வரவில்லை என்று தாத்தா கேட்கவில்லை. ஒரு வாய் தின்றேன். புளித்துப்போன சொதி. அவரும் தின்றார்.

அவரில் எனக்குக் கோபம் வரவில்லை. அதுதான் எனக்குக் கோபம்.

அம்மாவிடம் இதை என்னால் சொல்ல முடியாது. தாத்தாவின் போனில்தான் சொல்லவேண்டும், அவரும் கேட்டுக்கொண்டிருப்பார். தன்னைச் சாட்டித்தான் என்னை மறித்தார்கள் என்று என் வாயால் அவர் கேட்கக் கூடாது. ஏப்ரலோ கிட்ட வருகிறது. உன்னைப் பற்றி என் அம்மா எனக்குச் சொன்ன ஒரே விசயம், உன் வாயை யாராலும் மூட முடியாது என்பது. அதை எங்கேயாவது பிரயோசனமாகத் திறக்கமாட்டாயா?

றம்யா


பலெர்மோ
2025 மார்ச் 2, ஞாயிறு

றம்யாவுக்கு,

திறந்தேன்.

போன ஞாயிறு. எல்லாரும் குசினியில். அப்பா மொண்டெல்லோவில் வேலை செய்கிற சாப்பாட்டுக் கடைக்குக் குளிர்காலத்தில் கூட்டமில்லை, அதனால் வீட்டில் நின்றார். சியாகுல்லியிலிருந்து வந்த மண்டரின் தோடம்பழங்களை உரித்துக்கொண்டிருந்தார். மலர் அன்ரி தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். அம்மா போனைச் சீனிப் பேணியில் சாத்தி வைத்து அம்மப்பாவை எடுத்தார். நான் பற்களெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நடுவில் தலையை நீட்டினேன்.

"அம்மப்பா, ஒரு நல்ல செய்தி! றம்யா இனி உங்களை விட்டு எங்கையும் போகாள். ஏப்ரல் கழியுமட்டும் அப்பா கையெழுத்து வைக்கமாட்டார். அம்மா எல்லாம் ஒழுங்குபடுத்திப்போட்டா. சந்தோசம்தானே?"

தேங்காய் துருவுகிற சத்தம் நின்றது. அப்பாவின் கையில் தோல் பாதியில் தொங்கியது. போனில் காகம் கத்துவது கேட்டது, உங்கள் பேசாலைக் காகம்.

"விமலா, உண்மையோ?"

"அப்பா, நான் உங்களுக்காகத்தானே..."

"நான் வாழ்நாள் முழுக்க பஸ்ஸிலை நிண்டனான். ஏறின ஒருத்தரை இறங்கிற இடத்திலை இறக்காமல் கொண்டுபோனதில்லை. அந்தப் பிள்ளைக்கு இறங்கிற இடம் வந்திட்டுது. பெல்லை அடி."

வைத்துவிட்டார். எல்லாம் ஸ்பீக்கரில், பேசாலை முழுக்கக் கேட்டிருக்கும்.

மலர் அன்ரி துருவலையை ஓரமாக வைத்தார். கையைத் துடைத்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். அவர் கத்தியிருந்தால் நல்லது என்று இருந்தது. அம்மா என்னை அடிக்கக் கை ஓங்கினார். ஓங்கின கையால் முகத்தைப் பொத்திக்கொண்டார். "எனக்கு மட்டும் அப்பா இல்லையோ? ஊரான்ரை தாயை நான் துடைச்சுத் தூக்கிறன். என்ரை அப்பா விழுந்தால் தூக்க ஆர் இருக்கினம் எண்டு உங்களிலை ஒருத்தராவது கேட்டனீங்களோ?"

வெற்றி பெற்ற மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை. அம்மா சிஞ்ஞோராவுக்கு ஏன் அப்படி ஊதி ஊதிப் பருக்குகிறார் என்று அப்போதுதான் விளங்கியது. அங்கே உட்கார்ந்திருப்பது அவருக்குச் சிஞ்ஞோரா இல்லை.

"நான் போறன்" என்றேன். "பள்ளிக்கூடம் விட்டதும் நான் பேசாலைக்குப் போறன். செப்ரெம்பர் மட்டும் நான் பாக்கிறன்."

அம்மா அழுதுகொண்டே சிரித்தார். "உன்ரை சொக்ஸை நீ தோய்க்கமாட்டாய். நீ என்ரை அப்பாவைப் பாக்கப்போறியோ?"

அப்பா எழுந்து தோடம்பழக் கையைக் கழுவிவிட்டுக் கையெழுத்து வைத்தார். விண்ணப்பம் வியாழக்கிழமை போய்விட்டது. அந்த ஞாயிறு பின்னேரமே அன்ரி வெளியில் வந்து மிச்சத் தேங்காயைத் துருவினார். எல்லாருக்கும் சோறு போட்டார், அம்மாவுக்கும். ஆனால் இருவரும் இன்னும் கதைக்கவில்லை. நடுவில் நான்தான் தபால்காரன். "உப்பைத் தரச் சொல்லு." "உப்பு முடிஞ்சுது எண்டு சொல்லு."

நீ வென்றுவிட்டாய். கட்டிலை ஜன்னல் பக்கம் போடச் சொன்னேன். அந்தப் பக்கம் விடியவே வெயில் அடிக்கும், தூங்க முடியாது.

பேசாலைக்கு வந்ததும் நான் செய்யப்போகிற முதல் வேலை, அந்தக் கரியரில் உன் பெயரை அழிப்பது. மை அழியாத பேனை இப்போதே வாங்கிவிட்டேன்.

றொனி


பலெர்மோ
2025 ஜூலை 13

றொனி,

எங்கள் இரண்டு விமானமும் எங்கோ கடலுக்கு மேல் ஒன்றையொன்று தாண்டியிருக்கவேண்டும். நான் வந்தபோது நீ போய்விட்டாய். அம்மா போன் வாங்கித் தந்திருக்கிறார், உன் நம்பரும் இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன். போனில் நீ குறுக்கே பேசுவாய்.

விமான நிலையத்தில் அம்மாவை எனக்கு அடையாளம் தெரிந்தது. அம்மாவுக்கு என்னைத் தெரியவில்லை. என்னைத் தாண்டி, எனக்குப் பின்னால் வந்த ஒரு சின்னப் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவுதான் எழுதுவேன்.

முதல் நாள் கணவாய்க் கறி. எட்டு வருடம் படத்தில் சாப்பிட்ட கறி. வாயில் வைத்தால் உறைப்பே இல்லை. "ஏன் அம்மா?" என்றேன். "ஐயோ, றொனிக்கு உறைக்கும் எண்டு பழகின கை" என்றார். உன் நாக்குக்குப் பழகின கையால்தான் எனக்குச் சாப்பாடு. இரண்டு மணிக்கு அம்மா தன்னையறியாமல் வாசலைப் பார்க்கிறார். நான் உள்ளே இருக்கிறேன், அவர் வாசலைப் பார்க்கிறார்!

குசினிக் கதவு நிலையில் உயரம் அளந்த பென்சில் கோடுகள் கண்டேன். 'றொனி 9', 'றொனி 10', 'றொனி 11'. பதினாறு வரைக்கும், எல்லாம் அம்மாவின் கையெழுத்து. நான் ஓர் இடத்திலும் இல்லை. நேற்று அம்மா என்னைப் பிடித்து நிலையில் நிற்பாட்டினார். உன் கோட்டுக்கு நான்கு விரல் கீழே. கோடு போடவேண்டாம் என்றேன். இன்று காலையில் பார்த்தால் போட்டிருக்கிறார். எனக்குத் தெரியாமல் மனத்தால் அளந்திருக்கிறார். சரியாகத்தான் இருந்தது.

உன் அம்மா ஞாயிற்றுக்கிழமை வந்து என் முன்னால் நின்றார். எதையோ சொல்லத் தொடங்கி, "அப்பா நல்லாச் சாப்பிடுறவரோ?" என்று முடித்தார். சாப்பிடுவார், பக்கத்தில் ஆள் இருந்தால் என்றேன். நகத்தை எப்படி வெட்டுவேன், எந்தக் காலைத் தூக்க நோகும் என்றெல்லாம் கேட்டார். சொல்லச் சொல்ல என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். இன்னும் மன்னிக்கவில்லை. கையை இழுக்கவும் இல்லை.

புறப்பட்ட அன்று வான் வாசலுக்கு வந்தது. தாத்தா அழவில்லை. நான் ஏறினதும் கதவைச் சாத்தி, வானின் பக்கத்தில் இரண்டு தட்டுத் தட்டி, "றைட், போகலாம்!" என்றார். சாரதிக்கு வேறு வழியில்லை, எடுத்துவிட்டான்.

கரியரில் கை வைத்தாயோ, உன் கோடுகளையெல்லாம் அழித்துவிடுவேன்.

றம்யா

ஜன்னல் வெயிலுக்கு நன்றி, சனியனே.


பேசாலை
2025 ஓகஸ்ட் 3, ஞாயிறு

றம்யாவுக்கு,

பஸ்ஸால் இறங்கினேன். அம்மப்பா பொல்லை ஊன்றிக்கொண்டு தரிப்பிடத்தில் நின்றார். நான் இத்தனை மைல் பறந்து, உருண்டு, வாந்தியெடுத்து வந்திருக்கிறேன். என்னை மேலிருந்து கீழே பார்த்தார். "ஓம், உயரம்தான்" என்றார். அடுத்த கேள்வி: "றம்யா சுகமா?"

அன்றைக்கே திரும்பிப் போயிருப்பேன்.

கஞ்சி காய்ச்சினேன். "றம்யாவின்ரை கஞ்சி இப்பிடி இல்லை." நகம் வெட்டினேன், கொஞ்சம் இரத்தம். "றம்யா ஒருநாளும் இப்பிடி வெட்டினதில்லை." நீ இங்கே இருந்தபோது உன்னைத் திட்டினார், இப்போது உன்னைப் புகழ்ந்து என்னைத் திட்டுகிறார். என்னைப் புகழ வேண்டுமென்றால் நான் பலெர்மோவுக்குத் திரும்பவேண்டும் போல. செப்ரெம்பரில் பிரணவன் பொறுப்பெடுப்பான், மார்கழியில் அம்மா வந்து நிற்பார். அம்மப்பாவுக்குப் பிரணவன் வேண்டாமாம், அவன் விசிலடிக்கிறானாம். ஆனால் என்னிடம் இரகசியமாகக் கேட்டார், "அவனுக்கு பஸ்ஸெண்டால் பிடிக்குமோ?" என்று.

சட்டை உண்மைதான். போட்டுக்கொண்டுதான் படுக்கிறார். நான் தோய்த்துத் தருகிறேன் என்றேன். கழற்றித் தந்துவிட்டார். உன்னிடம் தராததை என்னிடம் தந்தார். இந்த ஒன்றில் நான் வென்றேன், குறித்து வை.

இனிக் கரியர். முதல் நாளே பேனையைத் திறந்துகொண்டு இருந்தேன். வாசலில் ஓட்டோ வந்தது. "றம்யாவின்ரை அகஸ்ரின்!" என்று கூப்பிட்டார் ஓட்டோக்காரர். அம்மப்பா எழும்பவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் என்ன சொல்லப்போகிறேன் என்று அவருக்குத் தெரியவேண்டியிருந்தது. ஒக்டோபரிலிருந்து நான் ஒத்திகை பார்த்த பதில் என் வாய்க்குள்ளேயே இருந்தது.

"ஓம், வாறம்!" என்றேன்.

நிலையத்தில் பக்கத்தில் இருந்து ஒரு வாய் தின்றேன். பிறகு அவர் தின்றார். மூடியைக் கழுவும்போது உன் பெயரை உரசாமல் கழுவினேன், மருந்து மாறிவிடக் கூடாதே என்றுதான். ஆனால் வாங்கின பேனையைச் சும்மா விட மனமில்லை. கீழே சின்னதாக ஒரு வரி சேர்த்தேன். இப்போது அது இப்படி இருக்கிறது: 'றம்யாவின் அகஸ்ரின். றொனியிடம் இரவல்.'

கோடுகளை அழிக்க முன்னம் ஒன்று செய். குசினித் தட்டில் உன் அம்மா தேத்தண்ணீர் குடிக்கும் நீலக் கோப்பை இருக்கும். அதைக் கவிழ்த்து அடியைப் பார். அந்தப் பேனையால் நான் முதலில் எழுதியது கரியரில் இல்லை. புறப்பட முன்னம் அதில்தான் எழுதினேன்: 'றம்யாவின் மலர். றொனியிடம் இரவல் இருந்தவர்.'

மை அழியாது. தேய்க்காதே.

றொனி